இழுவிசை தேறியது, அடித்தையல் பிரிந்தது: 50 கிலோ பாலிப்ரொப்பிலீன் சாக்கு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆலை நடுத்தர அளவிலானது. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் 90 மி.மீ. ஸ்குரூ எக்ஸ்ட்ரூடருடன், அதை ஃபிலிமாக்கி வெட்டி இழுத்து டேப் எனும் தட்டை இழைகளாக்கும் ஒரு டேப் லைன், ஆறு ஷட்டில் கொண்ட வட்டத்தறிகள் 24, ஓர் அச்சு இயந்திரம், வெட்டித் தைக்கும் லைன் மூன்று. டேப் லைன் மணிக்குச் சுமார் 250 கிலோ கொடுக்கும். டேப்பைச் சுற்றும் உருளைகளான பாபின்கள் 200-க்குச் சற்று மேலாக ஒரே நேரத்தில் ஓடும்.

பிரச்சினைக்குள்ளான சாக்கு, குருணை வடிவிலான ஒரு ரசாயனத்தை 50 கிலோவாக அடைப்பதற்கானது. கோட்டிங் (துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு) இல்லை, உள்ளே தனி பாலித்தீன் லைனர் போடப்படும். அகலம் 55 செ.மீ., தைத்த பின் நீளம் 95 செ.மீ. டேப் 850 டெனியர் (9,000 மீட்டர் டேப்பின் எடை, கிராமில்), அங்குலத்துக்குப் பாவு (நீளவாக்கு டேப்) 10, ஊடை (குறுக்குவாக்கு டேப்) 10. மெஷ் எனப்படும் இந்த இரண்டு எண்ணிக்கையையும் கூட்டி டெனியரால் பெருக்கி 228.6-ஆல் வகுத்தால் துணியின் எடை சதுர மீட்டருக்கு 74.4 கிராம் என வரும். அடிமடிப்பையும் சேர்த்து 98 செ.மீ. வெட்டினால் ஒரு சாக்கில் துணி மட்டும் சுமார் 80 கிராம். அடியில் ஒற்றை மடிப்பு, இரட்டை நூல் சங்கிலித் தையல், 10 செ.மீ.க்கு 14 தையல்.

வாங்குபவரின் விவரக்குறிப்பு துணியின் வலிமைக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தது: 5 செ.மீ. அகலத் துண்டு, பாவுத் திசையிலும் ஊடைத் திசையிலும் குறைந்தது 650 நியூட்டன் தாங்க வேண்டும். அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்ற நீட்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த ஆய்வில் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இந்த விடுபடல்தான்.

பழைய கலவை இப்படி இருந்தது: உருகு ஓட்ட எண் (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதன் அளவு) 3.2 உள்ள புதிய பாலிப்ரொப்பிலீன் 88 சதவீதம், ஆலையின் சொந்தக் கழிவிலிருந்து உருக்கி எடுத்த ரீப்ராசஸ் குருணை 5, கால்சியம் கார்பனேட் ஃபில்லர் (நிரப்பி) மாஸ்டர்பேட்ச் (சேர்ப்புப் பொருளின் செறிவான குருணை) 6, வெயிலிலிருந்து காக்கும் யுவி மாஸ்டர்பேட்ச் 1. இழுப்பு விகிதம், அதாவது டேப்பை இழுத்து நீட்டும் மடங்கு, 5.4. அனீலிங்கில் (இழுத்த டேப்பைச் சூடாக்கிச் சற்றுச் சுருங்க விடும் கட்டம்) 6 சதவீதம் தளர்த்தி விடுவார்கள். டேப்பின் வலிமை டெனியருக்கு 5.0 கிராம், நீட்சி 22 சதவீதம், துணித் துண்டு 712 நியூட்டன். பல மாதங்களாக இந்த எண்களில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடித்தையல் பற்றிப் புகார் வந்ததில்லை.

மாற்றம் எப்படி நுழைந்தது

ஆர்டர் ஏறக்குறைய இரட்டிப்பானது. கூடவே சாக்கு விலையைக் குறைக்கும் நெருக்கடியும் வந்தது. ரீப்ராசஸ் பங்கைக் கூட்டுவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. சொந்தக் கழிவு அந்த அளவுக்குப் போதாததால், பழைய சாக்குகளை உருக்கி எடுத்த குருணையை வெளியிலிருந்து வாங்கினார்கள். ஆறு வாரத்தில் ரீப்ராசஸ் 5-லிருந்து 10, 15, 20 சதவீதம் எனப் படிப்படியாக ஏறியது. ஃபில்லர் மாஸ்டர்பேட்ச் 6-லிருந்து 8 ஆனது. புதிய குருணையின் பங்கு 71-ஆக இறங்கியது.

வெளியில் வாங்கும் ரீப்ராசஸில் பாலிப்ரொப்பிலீன் மட்டும் இருப்பதில்லை. பழைய சாக்கின் ஃபில்லர், அச்சு மை, லைனரிலிருந்தோ கோட்டிங்கிலிருந்தோ ஒட்டி வந்த பாலித்தீன் எல்லாம் அதற்குள் இருக்கும். ஏற்கெனவே ஒருமுறையாவது உருகிய பொருள் என்பதால் மூலக்கூறுச் சங்கிலிகள் குட்டையாகி, உருகு ஓட்ட எண் ஏறியிருக்கும். இந்தக் குருணையில் அது 8. கலவை முழுவதற்கும் எண் 3.8 வரை ஏறியது.

ஃபில்லரில் இன்னொரு கணக்கு உண்டு. டெனியர் என்பது 9,000 மீட்டரின் எடை. கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி பாலிப்ரொப்பிலீனைப் போல மூன்று மடங்கு. ஆகவே டெனியர் 850-லேயே நின்றாலும், ஃபில்லர் ஏற ஏற அந்த 850-க்குள் சுமை தாங்கும் பாலிமர் குறைகிறது. ஃபில்லர் மாஸ்டர்பேட்சை 2 சதவீதம்தான் கூட்டியிருந்தார்கள். வெளி ரீப்ராசஸுக்குள் மறைந்து வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பின்னால் உலையில் எரித்துப் பார்த்தபோது சாம்பல் 5 சதவீதத்திலிருந்து 8-க்குப் போயிருந்தது.

விளைவு உடனே தெரிந்தது. டேப்பின் வலிமை 4.3-க்கு இறங்கியது, துணித் துண்டு 614 நியூட்டனில் அறுந்தது. விவரக்குறிப்புக்குக் கீழே. டேப் லைன் மேற்பார்வையாளர் தமக்குத் தெரிந்த வழியில் சரிசெய்தார்: இழுப்பு விகிதத்தை 5.7, 6.0, கடைசியில் 6.3 என ஏற்றினார். இழுப்பதற்கு வசதியாக ஓவன் வெப்பம் 155 டிகிரியிலிருந்து 165 ஆனது. பாபினில் சுற்றும்போது டேப் தொய்கிறது என்று அனீலிங் தளர்வு 6-லிருந்து 3-க்குக் குறைந்தது. டேப் வலிமை 5.1-க்குத் திரும்பியது, துணி 726 நியூட்டன் காட்டியது. பழைய அளவையும் மிஞ்சிவிட்டதால் ஆய்வகம் எல்லா லாட்டுக்கும் (உற்பத்தித் தொகுதி) தேர்ச்சி முத்திரை போட்டது.

அந்த மேற்பார்வையாளரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஓர் எண். அந்த எண்ணை அவர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் புகாரும் முதல் முடிவும்

வாங்குபவரின் கிடங்கில், கன்வேயரிலிருந்து லாரித் தளத்துக்குச் சாக்குகள் விழும் இடத்தில் அடித்தையல் பிரியத் தொடங்கியது. ஒரு லாட்டில் 20,000 சாக்குகளில் 310 போயின, அதாவது 1.5 சதவீதத்துக்கு மேல். அது குளிர்காலத் தொடக்கம். பாலிப்ரொப்பிலீன், தண்ணீரின் உறைநிலையை நெருங்கும் வெப்பத்தில் அதிர்ச்சி தாங்கும் திறனை இழக்கும் என்பதால், குளிர்தான் காரணம் என்று ஒரு தரப்பு சொன்னது. பிரிந்தது தையலில் என்பதால் தையல் பிரிவைத்தான் பார்க்க வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. துணி அறிக்கை தேர்ச்சி என்று இருக்கும்போது துணியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தையலை நெருக்குவது என்று முடிவானது: 10 செ.மீ.க்கு 14 இருந்ததை 18 ஆக்கினார்கள். நூலும் ஒரு படி தடிமனானது. அதற்கேற்ப ஊசியும் தடித்தது. தையல் விட்டுப்போனால் தையலைக் கூட்டுவது இத்தொழிலில் எல்லோரும் செய்வதுதான், நல்ல துணியில் அது வேலையும் செய்யும். இங்கே அடுத்து அனுப்பிய 10,000 சாக்குகளில் 240 பிரிந்தன. விகிதம் 2.4 சதவீதமாக ஏறியது. வாங்குபவர் சரக்கை நிறுத்தினார்.

தறியில் முன்பே தெரிந்தவை

உற்பத்தி நின்றதும் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் பிரிந்த சாக்குகளை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்திலிருந்து பின்னோக்கி நடந்தார். அங்கே அறிகுறிகள் வாரக்கணக்கில் கண்முன்னே இருந்திருக்கின்றன.

ஷட்டில் ஓடும் பாதையிலும் பாவைப் பிரித்து நிறுத்தும் சீப்பான ரீட்டின் இடுக்குகளிலும் வெள்ளைப் பிசிறு படிந்திருந்தது. டேப்பின் ஓரங்கள் மயிரிழைகளாகப் பிரிந்து உதிர்வதால் வருவது அது. ஷிஃப்டுக்கு ஒருமுறை ஏர் பிடித்துத் தறியைச் சுத்தம் செய்தது போய் மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது என்று தறி ஓட்டுபவர்கள் சொன்னார்கள். ஊடை அறுப்பு கூடி, தறிக்கூடக் கழிவு 3.5 சதவீதத்திலிருந்து 6.1-க்குப் போயிருந்தது. மலிவான குருணையால் கிடைத்த மிச்சத்தில் ஒரு பெரும்பகுதி இங்கேயே கரைந்துகொண்டிருந்தது. ஆனால் கொள்முதல் கணக்கும் தறிக்கூடக் கழிவுக் கணக்கும் வெவ்வேறு பதிவேடுகளில் இருந்ததால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எக்ஸ்ட்ரூடர் முன்னால் உருகை வடிகட்டும் கம்பிவலையை முன்பு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். இப்போது ஐந்து மணி நேரத்திலேயே அழுத்தம் ஏறி மாற்றச் சொல்லிற்று. அச்சு மையும் வேற்றுப் பொருளும் சேர்ந்து வலையை அடைத்ததே காரணம்.

துணியை விளக்கின் முன் விரித்துப் பிடித்தபோது, டேப்புகள் குறுக்கிடும் மூலைகளில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பழைய லாட்டின் துணியில் அது இல்லை. வெர்னியரில் அளந்தால் டேப் அகலம் 2.39 மி.மீ.; பழைய டேப் 2.58. அங்குலத்துக்கு 10 மெஷ் என்றால் ஒரு டேப்புக்குக் கிடைக்கும் இடம் 2.54 மி.மீ. பழைய டேப் அந்த இடத்தை முழுதாக மூடி ஓரம் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது. புதியது இடைவெளி விட்டது. ஃபிலிமை டேப்பாக வெட்டும் பிளேடுகளின் இடைவெளி மாறாமல் 6 மி.மீ. இருந்தால், இழுத்தபின் டேப் அகலம் இழுப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுபடும்: 5.4-க்கு 2.58, 6.3-க்கு 2.39. கையில் வெர்னியர் ஒன்று இருந்தாலே, டேப் லைன் பதிவேட்டைத் திறக்காமல் இழுப்பு ஏறியிருப்பதைக் கண்டுபிடிக்கலாம்.

விரல் சோதனை இன்னும் எளியது. ஒரு சாண் டேப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து முறுக்கித் தேய்க்க வேண்டும். சரியான டேப் கசங்கும், ஆனால் ஒரே துண்டாக நிற்கும். இந்த டேப் நாலைந்து உருட்டலிலேயே நார் நாராகப் பிரிந்தது.

தையலா, துணியா: பிரித்தறிந்த சோதனை

இந்த ஆலையில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு லாட்டிலும் தைக்காத துணியில் சில மீட்டரும் 25 சாக்குகளும் கட்டி, தேதி போட்டு, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். கலவை மாறுவதற்கு முந்தைய லாட் அங்கே இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் விவாதம் வாரக்கணக்கில் நீண்டிருக்கும்.

பழைய துணி, புதிய துணி இரண்டையும் ஒரே இயந்திரத்தில், ஒரே ஊசி, ஒரே நூலில், ஒரே தையல்காரரைக் கொண்டு தைக்க வைத்தார்கள். ஒவ்வொன்றையும் 14 தையலில் ஒரு தொகுதி, 18 தையலில் ஒரு தொகுதி. பிறகு தையலுக்குக் குறுக்கே 5 செ.மீ. துண்டுகள் வெட்டி இழுத்தார்கள்.

பழைய துணி 14 தையலில் 382 நியூட்டன் தாங்கியது. 18 தையலில் 395. தையல் நெருங்கியதும் வலிமை சற்று ஏறியது. புதிய துணி 14 தையலில் 262. 18 தையலில் 236. தையல் நெருங்கியதும் வலிமை இறங்கியது.

இந்த நான்கு எண்களோடு விவாதம் முடிந்தது. இயந்திரம், நூல், ஊசி, ஆள் எல்லாம் ஒன்றே. மாறியது துணி மட்டும். நல்ல துணிக்கு மருந்தாகிற அதே நடவடிக்கை இந்தத் துணிக்கு நஞ்சாகியிருந்தது.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் தையல் வரியைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. அடித்தையல் ஊடை டேப்புக்கு இணையாக ஓடுகிறது. ஊசி குத்திய இடத்தில் ஊடை டேப் துளையோடு நிற்காமல், நீளவாக்கில் இரு பக்கமும் பிளந்திருந்தது. ஒரு குத்தால் ஏற்பட்ட பிளவின் மொத்த நீளம் நான்கு முதல் ஐந்தரை மி.மீ. 14 தையலில் ஒரு குத்துக்கும் அடுத்ததுக்கும் 7 மி.மீ. இடைவெளி, பிளவுகளுக்கு நடுவே கொஞ்சம் முழு டேப் மிஞ்சியது. 18 தையலில் இடைவெளி 5.5 மி.மீ.; பல இடங்களில் ஒரு பிளவு அடுத்ததைத் தொட்டு, தையல் வரி முழுதும் நீண்ட ஒற்றைக் கிழிசலாகிவிட்டது. ஊசி தடித்தது அதை மேலும் அகட்டியது. சுமை வந்ததும் நூல் அறவில்லை. பிளந்த ஊடை டேப்புகள் வழியாக மடிப்போடு நழுவி வெளியே வந்தது. பிரிந்த சாக்குகளில் நூல் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணம். நூலைத் தடிப்பாக்கிய முடிவு தேவையற்றது என்பதை அந்த முழு நூலே அன்றைக்கே சொல்லியிருந்தது.

அடுத்து விழுத்துச் சோதனை. அதே சரக்கை 50 கிலோ நிரப்பி, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து அடிப்பக்கமாகக் கான்கிரீட் தளத்தில் மூன்று முறை விட்டார்கள். பழைய லாட்டில் பத்துக்குப் பத்தும் நின்றன. புதிய துணி 14 தையலில் பத்தில் ஆறு பிரிந்தன, 18 தையலில் எட்டு. படுக்கை வாட்டில் விழவிட்டால் மூன்று வகையும் தாங்கின. அடிப்பக்கம் விழவிட்டுப் பார்க்காத ஆலைக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது.

நீட்சி என்ற விடுபட்ட நிரல்

இழுவிசை இயந்திரம் ஒவ்வொரு சோதனையிலும் சுமையையும் நீட்சியையும் சேர்த்தே பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. ஆய்வக அறிக்கைத் தாளில் சுமைக்கு மட்டுமே நிரல் இருந்தது. கணினியில் கிடந்த பழைய வரைபடங்களை எடுத்து வாரவாரியாக அடுக்கியபோது, டேப்பின் நீட்சி 22 சதவீதத்திலிருந்து 20, 17, 15 என இறங்கி 13-இல் வந்து நின்றிருந்தது. இழுப்பு விகிதம் ஏறிய ஒவ்வொரு தேதிக்கும் ஒரு படி இறக்கம்.

விழும் சாக்கு கேட்பது வலிமையை மட்டுமல்ல. விழுந்த ஆற்றல் முழுவதையும் துணி நீண்டு கொடுத்து உள்வாங்க வேண்டும். சுமை-நீட்சிக் கோட்டின் கீழ் உள்ள பரப்பே அந்த ஆற்றல். தோராயமாக வலிமையையும் நீட்சியையும் பெருக்கிப் பாதியாக்கினால், பழைய டேப்புக்கு 5.0 × 0.22-இல் பாதி, அதாவது 0.55. புதியதற்கு 5.1 × 0.13-இல் பாதி, 0.33. வலிமை 2 சதவீதம் கூடியிருக்கிறது, உள்வாங்கும் ஆற்றல் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. தேர்ச்சி முத்திரை முதல் எண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. சாக்கு பிரிந்தது இரண்டாவது எண்ணால்.

இங்கே எழுந்த ஒரு எதிர்வாதத்தைப் பதிவு செய்வது அவசியம். கால்சியம் கார்பனேட் டேப் பிளப்பதைக் குறைக்கும், அதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. ஃபில்லர் கூடிய டேப் எப்படி அதிகம் பிளக்கும் என்று மேற்பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஃபில்லர் பிளவைத் தடுப்பது உண்மைதான். ஆனால் 5.4-லிருந்து 6.3 வரை இழுக்கும்போது சங்கிலிகள் நீளவாக்கில் மிக இறுக்கமாக அணிவகுத்து, பக்கவாட்டில் பிடிமானம் அறவே குறைகிறது. குட்டைச் சங்கிலிகளும் பாலித்தீன் கலப்பும் சேர்ந்தால் அந்தப் பிடிமானம் இன்னும் மோசம். ஃபில்லர் தரும் சிறிய நன்மை அதற்கு ஈடுகொடுக்காது.

குளிர் பற்றிய சந்தேகத்தையும் அப்படியே விட்டுவிடவில்லை. இரண்டு துணிகளின் சாக்குகளையும் நிரப்பி, 5 டிகிரி அறையில் ஓர் இரவு வைத்து, எடுத்த உடனே விழவிட்டார்கள். பழையது தாங்கியது. புதியது முதல் விழுகையிலேயே பத்தில் ஏழு பிரிந்தது. குளிர் நிலைமையை மோசமாக்கியது. ஆனால் அது மட்டுமே பிரிக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

இழுப்பை மட்டும் குறைத்தால் துணி மீண்டும் 614-க்கு இறங்கிவிடும். ஆகவே கலவையையும் இழுப்பையும் ஒன்றாகத்தான் திருப்ப முடியும் என்பது முதலில் தெளிவானது. வெளி ரீப்ராசஸ் இந்த வகைச் சாக்குக்கு முழுதாக நிறுத்தப்பட்டது. சொந்தக் கழிவு 5 சதவீதம் மட்டும். ஃபில்லர் மாஸ்டர்பேட்ச் 6-க்குத் திரும்பியது. டெனியரை 900-க்கு ஏற்றி ரீப்ராசஸைத் தக்கவைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. சாக்கு எடை ஆறு சதவீதம் ஏறும், நீட்சியோ ஏறாது என்பதால் அது கைவிடப்பட்டது.

இழுப்பைக் குறைத்த முதல் ஓட்டத்தில் ஒரு தவறு நடந்தது. மற்ற ஆலைகளிலும் நடக்கக்கூடியது. டேப்பைப் பிடித்து ஓவனுக்குள் விடும் முதல் கோடெட் ரோலரின் வேகம் நிமிடத்துக்கு 34 மீட்டர். அதை அப்படியே வைத்துக்கொண்டு, இழுக்கும் ரோலரின் வேகத்தை மட்டும் குறைத்தார்கள். எக்ஸ்ட்ரூடர் தள்ளும் பொருள் மாறாததால் டெனியர் 990-க்கு ஏறிவிட்டது. செய்ய வேண்டியது மறுபக்கம்: இழுக்கும் ரோலரை 216 மீட்டரிலேயே நிறுத்தி, முதல் ரோலரை 40-க்கு ஏற்ற வேண்டும். அப்போதுதான் விகிதம் 5.4, டெனியர் 850 இரண்டும் கிடைக்கும்.

முதல் ரோலர் வேகம் ஏறினால் ஃபிலிம் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் நேரம் குறைகிறது. தொட்டித் தண்ணீர் அப்போது 42 டிகிரி இருந்தது. மெதுவாகக் குளிரும் ஃபிலிமில் படிகத்தன்மை கூடி இழுப்புக்கு முரண்டு பிடிக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரைப் பழுது பார்த்து 32 டிகிரிக்குக் கொண்டுவந்தார்கள். வேகம் ஏறியதால் ஃபிலிமோடு தண்ணீர்த் துளிகளும் ஏறி வந்து, ஓவனுக்குள் டேப் அறுந்தது. தண்ணீரை ஊதி அகற்றும் ஏர் நைஃபின் கோணத்தைச் சரிசெய்து, துடைப்பான் ரப்பரை மாற்றியதும் அது நின்றது. ஓவன் 155 டிகிரிக்கும், அனீலிங் தளர்வு 6 சதவீதத்துக்கும் திரும்பின.

தையலில் 14-க்கே திரும்பி, பழைய நூலும் மெல்லிய ஊசியும் வந்தன. அடியில் ஒற்றை மடிப்புக்குப் பதில் இரட்டை மடிப்பு போடுவது என்று முடிவானது. இதற்கு 2 செ.மீ. நீளம் கூடுதலாக வேண்டும், சாக்குக்கு 1.6 கிராம், அதாவது 2 சதவீதம் எடை. வாங்குபவரின் கன்வேயர் உயரத்தை மாற்ற முடியாது என்பதால் இந்தச் செலவை ஏற்றுக்கொள்வதே சரி என்று கருதப்பட்டது.

மிகவும் கடினமான முடிவு, ஏற்கெனவே நெய்து கிடந்த ஒன்பது டன் துணியைப் பற்றியது. நல்ல துணியோடு சிறுகச் சிறுகக் கலந்து அனுப்பிவிடலாம் என்று உற்பத்திப் பிரிவு கேட்டது. தரக்கட்டுப்பாடு மறுத்தது. சாக்குகள் ஒவ்வொன்றாகத்தான் விழுகின்றன. கலந்தாலும் பிளந்த டேப் பிளந்ததுதான், கிடங்கில் அந்தச் சாக்கைத் தூக்கும் ஆளின் காலில் 50 கிலோ கொட்டும். இரண்டு முறை தோல்வி கண்ட வாங்குபவர் மூன்றாவதை மன்னிக்கவும் மாட்டார். 20 மைக்ரான் கோட்டிங் அடித்தால் டேப் பிளவு கட்டுப்படுமா என்று ஒரு ரோலில் பார்த்தார்கள். தையல் 262-லிருந்து 318-க்கு ஏறியது. ஆனால் விழுத்துச் சோதனையில் பத்தில் மூன்று பிரிந்தன. அதையும் விட்டுவிட்டார்கள். துணி முழுவதும் இந்த ஆர்டரிலிருந்து நீக்கப்பட்டு, விழும் சுமையும் தையலும் இல்லாத வேலைகளுக்கு, ரோல் சுற்றுறையாகவும் பேல் கட்டும் உறையாகவும் ஒதுக்கப்பட்டது. டேப்பாகவே கிடந்த பாபின்களும் அதற்கே போயின.

விளைவு

திருத்திய ஓட்டத்தில் டேப் வலிமை 5.0, நீட்சி 21 சதவீதம், அகலம் 2.57 மி.மீ. துணித் துண்டு 705 நியூட்டன்: நிராகரிக்கப்பட்ட துணியைவிட 21 நியூட்டன் குறைவு. தையல் ஒற்றை மடிப்பில் 374, இரட்டை மடிப்பில் 436. 20 சாக்குகளை அடிப்பக்கமாக மூன்று முறை விட்டதில் ஒன்றும் பிரியவில்லை. 5 டிகிரியில் வைத்து எடுத்தவையும் நின்றன.

வாங்குபவர் முதலில் 2,000 மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு 20,000-க்கு ஒப்புக்கொண்டார். அதில் சேதம் 14. பெரும்பாலானவை ஃபோர்க்லிஃப்ட் குத்திக் கிழிந்தவை. தையல் பிரிந்தது இரண்டு. தறிக்கூடக் கழிவு 3.4 சதவீதத்துக்கு இறங்கியது. கம்பிவலை மீண்டும் 12 மணி நேரம் தாங்கியது.

செலவுப் பக்கம் முழுதாகச் சமன் ஆகவில்லை. கழிவு குறைந்ததும் தறிகள் நிற்காமல் ஓடியதும் புதிய குருணையின் கூடுதல் விலையில் ஒரு பகுதியை ஈடுகட்டின. இரட்டை மடிப்பின் எடையைச் சேர்த்து விலையைச் சிறிது ஏற்றுவதற்கு வாங்குபவர் சம்மதித்தார். மீதியை ஆலை ஏற்றது. வெளி ரீப்ராசஸ் குருணை 25 கிலோ சாக்குகளில் 10 சதவீதம் வரை தொடர்கிறது, அங்கேயும் இழுப்பு 5.5-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு.

மாற்றியவையும் இன்னும் மாற்ற வேண்டியவையும்

ஆய்வக அறிக்கைத் தாளில் நீட்சிக்கு நிரல் வந்தது. டேப்புக்குக் கீழ் வரம்பு 18 சதவீதம், மேல் வரம்பு 25. மேல் வரம்பு தேவையா என்று கேட்டவர்களுக்குப் பதில்: இழுப்பு குறைந்து நீட்சி மிகுந்த டேப், அடுக்கி வைத்த சாக்கை நாளடைவில் தொய்ந்து உப்ப வைக்கும்; அடுக்கு சாயும்.

இழுப்பு விகிதத்தை மாற்ற வேண்டுமானால் தரக்கட்டுப்பாட்டின் கையெழுத்து வேண்டும் என்றானது. மாற்றிய பின் முதல் பாபினில் வலிமை, நீட்சி, அகலம் மூன்றும் அளந்த பிறகே தறிக்கு அனுப்ப வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு ரீப்ராசஸ் லாட்டுக்கும் உருகு ஓட்ட எண்ணும் சாம்பலும் பார்க்கப்படுகின்றன. சாம்பலுக்குத் தேவை ஓர் உலை, ஒரு பீங்கான் கிண்ணம், ஒரு நல்ல தராசு மட்டும். வெப்பம் 550 டிகிரியைத் தாண்டக் கூடாது, வெகுவாகத் தாண்டினால் கால்சியம் கார்பனேட்டே சிதையத் தொடங்கி எண் குறைவாக வரும்.

ஷிஃப்டுக்கு மூன்று சாக்குகளை நிரப்பி அடிப்பக்கமாக விழவிடுவது கட்டாயமாகியுள்ளது. தையல் வலிமை, துணி வலிமையில் பாதிக்குக் கீழே இறங்கினால் அந்த லாட் நிற்கும். இந்த விகிதம் முன்பே பார்க்கப்பட்டிருந்தால், 726-க்கு 262 என்பது 36 சதவீதம் என முதல் லாட்டிலேயே தெரிந்திருக்கும்.

தறி ஓட்டுபவர்களுக்கு விரல் சோதனையில் பிரியும் பாபினை ஒதுக்கி வைக்கும் உரிமை எழுத்தில் தரப்பட்டது. காரணம் கேட்கப்படாது, ஒதுக்கிய பாபினை ஆய்வகம் அன்றே அளந்து முடிவைத் தறிக்கூடப் பலகையில் எழுத வேண்டும். முதல் மாதத்தில் ஒதுக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் நீட்சியில் உண்மையிலேயே 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தன. அவை எல்லாம் எக்ஸ்ட்ரூடரின் கம்பிவலையை மாற்றிய உடனே ஓடியவை. அழுத்தம் சட்டென்று இறங்கி, ஃபிலிம் சற்று நேரம் மெலிந்து போகும் அந்தக் கட்டத்தில் சுற்றும் பாபின்களைத் தனியே எடுத்து வைக்கும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை.

வாங்குபவரின் விவரக்குறிப்பில் நீட்சி, தையல் வலிமை, அடிப்பக்க விழுத்துச் சோதனை ஆகிய மூன்றையும் சேர்க்கும்படி ஆலையே எழுதிக் கேட்டது. முதல் இரண்டும் சேர்ந்துவிட்டன. விழுத்துச் சோதனையின் உயரம் பற்றிப் பேச்சு நடக்கிறது: ஆலை கேட்பது 1.2 மீட்டர், வாங்குபவரின் கன்வேயருக்கும் லாரித் தளத்துக்கும் உள்ள உயரம் அளந்து பார்த்ததில் 1.4.